ஊதினால் திறக்கும், இழுத்தால் மூடும்: நின்று நின்று போன ஒரு டீசல் இன்ஜின்

பழுது முடிந்தபின் டிராக்டரின் மணி மீட்டரில் 46 மணி நேரம் கூடியிருக்கிறது. இன்ஜின் ஒருமுறைகூடத் தானாக நிற்கவில்லை. இப்போதுதான் இதை எழுதத் துணிவு வந்தது. இதற்கு முன் மூன்று முறை "சரியாகிவிட்டது" என்று நம்பி ஏமாந்திருக்கிறேன். ஏன் மூன்று முறையும் ஏமாந்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இன்ஜின் மூன்று சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன், டர்போ இல்லாத பழைய வகை. கணினியும் சென்சாரும் கிடையாது. டீசல் டேங்க் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கிறது. அதன் அடியில் டீசலைத் திறந்து மூடும் ஒரு டேப், அங்கிருந்து இரும்புக் குழாய், பிறகு 60 சென்டிமீட்டர் ரப்பர் ஹோஸ், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப், அடுத்தடுத்து இரண்டு ஃபில்டர், கடைசியில் டீசலை உயர் அழுத்தத்தில் சிலிண்டர்களுக்கு அனுப்பும் எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) பம்ப். டேங்க் நிறைந்திருந்தால் டீசலின் மட்டம் ஃபீட் பம்பைவிடச் சற்று மேலே நிற்கும். பாதி ஆனதும் கீழே போய்விடும். அதன்பின் ஃபீட் பம்ப்தான் டீசலை உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டும். இந்த விவரம் முதலிலிருந்தே எனக்குத் தெரியும். அதற்கு அர்த்தம் உண்டு என்று தெரிந்ததுதான் தாமதம்.

ரொட்டவேட்டர் போட்டு உழும்போது 20, 25 நிமிடம் நன்றாக ஓடும். பிறகு ஆர்.பி.எம். மெல்ல ஏறி இறங்கத் தொடங்கும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு தள்ளினாலும் ரேஸ் ஏறாது. அரை நிமிடத்தில் மூச்சு அடங்குவதுபோல நின்றுவிடும். உடனே சாவியைத் திருப்பினால் பிடிக்காது. பத்து நிமிடம் விட்டுத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்துக்கொள்ளும். சுமை இல்லாமல் ஐடிலிங்கில் விட்டால் மணிக்கணக்கில் ஓடும்.

எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரைப் போனில் கேட்டேன்.

"நிக்கும்போது எப்படி நிக்குது தம்பி? சுவிட்ச அமத்துன மாதிரி படக்குன்னா, இல்ல இழுத்துக்கிட்டா?"

"இழுத்துக்கிட்டுத்தான் அண்ணே. மேல கீழ போயிட்டு அப்புறம் நிக்குது."

"புகை?"

"கறுப்பா வரல. நிக்கப் போறப்ப இருக்கிற புகையும் கொறைஞ்சிடுது."

"அப்ப டீசல் பத்தல. எங்க பத்தலன்னு நீதான் தேடணும்."

அந்த இரண்டு கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிட்டது. படக்கென்று நின்றிருந்தால் மின்சாரத்தால் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலனாய்டையும் அதற்குப் போகும் வயரையும் பார்த்திருக்க வேண்டும். கறுப்புப் புகை தள்ளியிருந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது அளவுக்கு மீறிய சுமை. இரண்டும் இல்லை. ஆனாலும் மனம் கேட்காமல் மல்டிமீட்டரைச் சோலனாய்டு முனையில் மாட்டி, இன்ஜின் நிற்கும் வரை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கடைசி நொடி வரை 13.8 வோல்ட். மின்சாரத்தின் மேல் பழி இல்லை.

டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளையையும் அன்றே பார்த்தேன். அந்தத் துளை அடைத்தால் டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். இன்ஜின் இதே மாதிரிதான் நிற்கும். மூடியைத் தளர்த்தி, தூசி விழாமல் துணி போர்த்தி ஓட்டினேன். 22 நிமிடத்தில் நின்றது. மூடியும் காரணம் இல்லை.

அதன்பின் எல்லோரும் செய்வதையே செய்தேன். இரண்டு ஃபில்டரையும் மாற்றினேன். பழைய ஃபில்டரை ஹேக்ஸா பிளேடால் அறுத்து உள்ளே பார்த்தேன். காகிதம் பழுப்பாக இருந்ததே தவிர, கறுப்பு வழவழப்போ துருவோ இல்லை. டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டர் டீசலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து இரவு முழுக்க வைத்தேன். காலையில் அடியில் நாலைந்து சொட்டுத் தண்ணீர். அந்த அளவுக்கு இன்ஜின் நிற்காது. ஃபில்டர்கள் கழற்றிக் கிடந்த நேரத்தில் "கையோடு லைனையும் சுத்தம் செய்துவிடலாம்" என்று, ஃபீட் பம்பிலிருந்து ஹோஸைக் கழற்றி, கம்ப்ரஸர் காற்றை டேங்கை நோக்கி ஊதினேன். டேங்குக்குள் குமிழிகள் கொப்பளிக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. லைன் திறந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். இந்த முடிவுதான் என்னை ஐந்து நாள் சுற்ற வைத்தது.

ஏர் எடுக்கும் வேலை, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை பற்றி ஒரு வார்த்தை. இந்த ஃபீட் பம்பில் கையால் அடிக்கச் சிறு நெம்புகோல் உண்டு. சில நேரம் அது தளர்ந்து தொங்கும், எவ்வளவு அடித்தாலும் டீசல் வராது. பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பம்பை இயக்கும் கேம் (இன்ஜினுக்குள் சுழலும் மேடு) பம்பின் தண்டை ஏற்கெனவே முழுக்கத் தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இன்ஜினை ஒரு சுற்று கையால் திருப்பினால் நெம்புகோலுக்கு அசைவு வந்துவிடும். பிறகு முதல் ஃபில்டரின் பிளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியே விடும் திருகு), இரண்டாவது ஃபில்டர், எஃப்.ஐ. பம்ப் என்ற வரிசையில் குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை அடிக்க வேண்டும். கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் நட்டின் ஓரத்தில் டீசல் கசியும். அப்போது இறுக்கிவிடலாம். அந்த இடத்தில் கசிவைத் தேடிக் கையை வைக்கக் கூடாது. அங்கே ஓடுவது நூற்றுக்கணக்கான பார் அழுத்தம். மெல்லிய பீச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டைத்தான் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஃபில்டர் மாற்றியபின் ஒன்பது மணி நேரம் நிற்காமல் ஓடியது. பழுது தீர்ந்தது என்று கருவிகளைத் துடைத்து எடுத்து வைத்தேன். பத்தாவது மணி நேரத்தில் நின்றது.

அடுத்து ஏர் இழுக்கிறது என்ற சந்தேகம். ஃபீட் பம்புக்கு முன்னால் இருக்கும் இணைப்பு எதுவாவது தளர்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. எட்டு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கண்ணாடி போன்ற பி.வி.சி. ஹோஸை இரண்டாவது ஃபில்டருக்கும் எஃப்.ஐ. பம்புக்கும் நடுவில் மாட்டி ஓட்டினேன். அந்த ஹோஸ் டீசலில் நாளடைவில் விறைத்து வெடிக்கும், சோதனைக்கு மட்டும்தான் சரி. முதல் 15 நிமிடம் டீசல் கண்ணாடிபோல் தெளிவாகப் போனது. பிறகு ஊசிமுனை அளவு குமிழிகள். நிற்பதற்கு முன் குமிழிகள் சரம் சரமாக வந்தன.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஃபீட் பம்பின் உறிஞ்சு பக்கத்தில், உள்துளை வழியே டீசல் போகும் பேஞ்சோ போல்ட்டிலும் ஃபில்டர் தலையிலும் இருந்த செம்பு வாஷர்களை எல்லாம் கழற்றினேன். கையில் புதிது இருந்த இடத்தில் புதிது போட்டேன். இல்லாத இடத்தில் பழைய வாஷரைச் செந்நிறம் வரும் வரை சுட்டு, தண்ணீரில் போட்டு, மிருதுவாக்கித் திரும்ப மாட்டினேன். செம்பு இப்படிச் சுட்டால் இளகிவிடும், மறுபடியும் முகத்தோடு நன்றாகப் படியும். கழற்றியது கழற்றியாகிவிட்டது என்று மறுபடியும் ஹோஸ் வழியாக டேங்கை நோக்கி ஒரு ஊது. ஐந்து மணி நேரம் ஓடியது. பிறகு அதே குமிழி, அதே நிற்றல்.

குமிழியைக் காரணமாக எடுத்துக்கொண்டது என் இரண்டாவது பிழை. குழாயில் எங்கோ நெருக்கடி ஏற்பட்டு உறிஞ்சும் விசை கூடினால், நல்ல இணைப்புகூடக் கொஞ்சம் காற்றை உள்ளே விடும். டீசலில் கரைந்திருக்கும் காற்றும் பிரிந்து வெளியே வரும். முதல் 15 நிமிடம் குமிழியே வராததை நான் யோசித்திருக்க வேண்டும். தளர்ந்த வாஷர் 15 நிமிடம் காத்திருந்து காற்றை இழுக்காது.

மூன்றாவது முயற்சியில் இரண்டு வேலையை ஒரே நாளில் செய்தேன். ஃபீட் பம்புக்குள் அசைந்து டீசலை இழுக்கும் சவ்வான டயாஃப்ரம் செட்டை மாற்றினேன், டேங்கை இறக்கிக் கழுவினேன். ஹோஸிலும் வழக்கம்போல டேங்க் பக்கமாக ஒரு ஊது. பழைய டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மாற்றியபின் பம்பின் வெளிப்பக்கத்தில் கேஜ் வைத்தால் 0.35 பார் காட்டியது. மாற்றுவதற்கு முன் எவ்வளவு என்று அளக்கவே இல்லை. அதனால் அந்த வேலையிலிருந்து எனக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. டேங்கின் அடியில் ஒரு கைப்பிடி வண்டலும் பழைய பெயிண்ட் செதிலும் இருந்தன. மிதந்து வந்து வாயை அடைக்கும் அளவுக்கு இலையோ, தகடோ, துணியோ எதுவும் இல்லை.

அன்று ஒரு அளவு எடுத்தேன். ஹோஸின் நுனியைக் கழற்றித் தரையில் வைத்த ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் விட்டேன். 55 வினாடியில் நிறைந்தது. இந்த இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு எட்டு லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் நிமிடத்துக்கு 130 மில்லி லிட்டர்தான் தேவை. தேவையைப் போல எட்டு மடங்கு வருகிறதே, லைனில் என்ன குறை இருக்க முடியும்? காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் டீசல் தானாகக் கீழே வழிவதை அளந்தேன். வேலை செய்யும்போது அதை ஒரு பம்ப் இழுக்கிறது. அதுவும் இன்ஜின் ஓடாத குளிர்ந்த நேரத்தில் அளந்தேன்.

கழுவிய டேங்கை முழுக்க நிரப்பி மாட்டினேன். ஆறு மணி நேரம் ஓடியது. நின்றபோது டேங்க் பாதிக்குக் கீழே இருந்தது.

அன்று இரவுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நின்ற நேரங்களை எல்லாம் வரிசையாக எழுதினேன். ஒன்பது, ஐந்து, ஆறு என்று நன்றாக ஓடிய மணி நேரங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன செய்தேன் என்று பக்கத்தில் குறித்தேன். ஃபில்டர், வாஷர், டயாஃப்ரம் என்று மூன்றும் வெவ்வேறு வேலை. மூன்றிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ஹோஸுக்குள் காற்று ஊதியிருந்தேன். இன்னொன்றும் தெரிந்தது. டேங்க் நிறைந்திருந்த நாட்களில் நிற்பதற்கு 40 நிமிடம் ஆகியிருந்தது. பாதியாக இருந்த நாட்களில் 20.

மறுநாள் காலை எந்த ஸ்பேனரையும் எடுப்பதற்கு முன், பத்து லிட்டர் கேன் ஒன்றில் வடிகட்டிய டீசலை நிரப்பி, சைலன்ஸருக்கு எட்டத்தில், மட்கார்டு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கேனிலிருந்து கண்ணாடி ஹோஸ் நேராக ஃபீட் பம்புக்கு. மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே திருப்பினேன், இல்லாவிட்டால் கேனின் டீசல் டேங்குக்குப் போய்ச் சேரும். டேங்க், டேப், இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ் நான்கும் இப்போது ஆட்டத்தில் இல்லை. ரொட்டவேட்டரை இறக்கி உழுதேன். 20 நிமிடம் கடந்தது. 40 கடந்தது. ஒரு மணி பத்து நிமிடத்தில் கேனில் டீசல் தீரப் போனதால் நானே நிறுத்தினேன். கண்ணாடி ஹோஸில் ஒரு குமிழி இல்லை.

கேன் கட்டி ஹோஸ் மாட்ட 25 நிமிடம்தான் ஆனது. ஃபீட் பம்புக்குப் பின்னால் இருக்கும் அத்தனையும், எஃப்.ஐ. பம்ப், நாசில் உட்பட, குற்றமற்றவை என்று அந்த ஒரு சோதனை சொல்லிவிட்டது. எஃப்.ஐ. பம்பைக் கழற்றிக் காலிபரேஷனுக்கு (அளவு சரிபார்க்க) அனுப்பலாமா என்று முந்தைய நாள் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் நான்கு பொருள். ஊகிக்காமல் அளக்கலாம் என்று, உறிஞ்சும் விசையைக் காட்டும் ஒரு வேக்யூம் கேஜையும் டி வடிவ இணைப்பையும் எடுத்தேன். டேங்கைப் பழையபடி சேர்த்து, அரை டேங்க் டீசலோடு, ரப்பர் ஹோஸ் ஃபீட் பம்பில் நுழையும் இடத்தில் கேஜை மாட்டினேன். ஐடிலிங்கில் 0.04 பார் உறிஞ்சல். சுமையில் 0.06. பதினைந்தாவது நிமிடம் 0.12. பிறகு முள் நிற்காமல் ஏறியது: 0.2, 0.3. 0.42 தொட்டபோது இன்ஜின் தள்ளாடியது, நின்றது. நின்ற பின் முள் ஒரே அடியாக விழவில்லை. ஏழெட்டு நிமிடம் எடுத்து மெல்ல இறங்கியது. பத்து நிமிடம் காத்திருந்தால் ஏன் ஸ்டார்ட் ஆகிறது என்பதற்கு விடை அந்த முள்ளின் இறக்கத்திலேயே இருந்தது.

கேஜ் ஒன்றுதான் இருந்தது. அதனால் மறுநாள் அதையே இடம் மாற்றி, இரும்புக் குழாய் முடிந்து ரப்பர் ஹோஸ் தொடங்கும் இடத்தில் வைத்து அதே சுமையில் ஓட்டினேன். இன்ஜின் அதேபோல 21 நிமிடத்தில் நின்றது. ஆனால் முள் 0.05-ஐத் தாண்டவே இல்லை. நிற்கும் நேரத்தில் இன்னும் குறைந்தது. டேங்கிலிருந்து அந்த இடம் வரை வழி திறந்திருக்கிறது. 60 சென்டிமீட்டர் தள்ளி வழி இல்லை. அடைப்பு ரப்பர் ஹோஸுக்குள்தான்.

ஹோஸைக் கழற்றினேன். வெளியே புதிதுபோல இருந்தது. வெடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, மடிப்பு இல்லை. வாயில் வைத்து ஊதினால் காற்று தாராளமாகப் போனது. சுத்தமான கண்ணாடி ஹோஸ் துண்டை நடுவில் வைத்து மறுபக்கமிருந்து மெல்ல உறிஞ்சினால் அதுவும் வந்தது. சற்று மனம் தளர்ந்தது. பிறகு ஹோஸை வெந்நீர் வாளியில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, கேஜோடு வந்த கை வேக்யூம் பம்பால் இழுத்தேன். இரண்டு இழுப்பில் முள் ஏறி அப்படியே நின்றுவிட்டது. மறுமுனை திறந்தே இருக்கிறது, ஆனால் காற்று வரவில்லை.

கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். இரும்புக் குழாயில் மாட்டும் முனையிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே, உட்புற ரப்பர் அடுக்கு நூலடுக்கை விட்டுப் பிரிந்து, நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு நாக்குபோல, டீசல் ஓடும் திசைக்கு எதிராக டேங்கைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கிழிந்த விளிம்பு, கிளிப் பதிந்திருந்த வரியின் நேர் கீழே. குளிர்ந்திருக்கும்போது நாக்கு சுவரோடு ஒட்டிக் கிடக்கும். இன்ஜின் சூடு ஏறியதும் இளகும். பம்ப் இழுக்க இழுக்க எழுந்து வழியை மூடும். நான் பம்ப் பக்கத்திலிருந்து டேங்கை நோக்கி ஊதியபோதெல்லாம் அதை மறுபடி சுவரில் அமர்த்தி, சில மணி நேரத்துக்கு நானே பழுதை மறைத்திருக்கிறேன். ஃபில்டருக்கும் வாஷருக்கும் டயாஃப்ரத்துக்கும் நான் கொடுத்த பெருமை எல்லாம் அந்த ஊதலைச் சேர்ந்தது.

அந்தக் கிளிப்பை இரண்டு ஆண்டுக்கு முன் மாட்டியது நான்தான். பட்டையில் வெட்டுப் பற்கள் உள்ள திருகு கிளிப். கசியக் கூடாது என்ற பயத்தில் அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறேன். பட்டையின் விளிம்பு உள்ளடுக்கு வரை அழுத்திப் பிளந்திருக்கிறது. ஹோஸின் மேல் எந்த எழுத்தும் அச்சிடப்படவில்லை என்பதையும் இப்போதுதான் கவனித்தேன். அது டீசலுக்கென்று செய்த ஹோஸா என்று உறுதியாகத் தெரியாமலே மாட்டியிருக்கிறேன்.

புதிய ஹோஸ் எட்டு மில்லிமீட்டர் உள்விட்டம், மேலே எஸ்.ஏ.ஈ. ஜே30 என்று அச்சுள்ள எரிபொருள் ஹோஸ். நீளத்தை 70 சென்டிமீட்டராகக் கூட்டி, இன்ஜின் பிளாக்கை ஒட்டிப் போகாமல் சேஸிஸ் பக்கமாக வளைத்து, சூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டினேன். கிளிப் இரண்டும் விளிம்பு மடிந்த, துளையில்லாத பட்டை வகை. ஹோஸ் கையால் சுழலாத அளவுக்கு மட்டும் முறுக்கினேன். முடிந்ததும் அதே அரை டேங்க், அதே சுமை: சுமையில் 0.06 பார். ஒரு மணி நேரம் கழித்தும் 0.06.

வாங்கிய பொருள்களிலேயே இந்த ஹோஸும் கிளிப்பும்தான் மிகக் குறைந்த செலவு. டயாஃப்ரம் செட் அதைப் போலப் பல மடங்கு. வேலை நேரம் மொத்தம் 31 மணி. அதில் கேன் சோதனை, இரண்டு கேஜ் ஓட்டம், ஹோஸ் மாற்றல் எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரம். மீதி 25 மணி நேரமும் நன்றாக இருந்த பாகங்களின் மேல் போனது.

இன்னொரு வண்டி இப்படி வந்தால் நான் முதலில் செய்வது கேன் சோதனை. கேனில் ஓடினால் கேஜை எடுப்பேன். கேனிலும் நின்றால் ஃபில்டர், ஃபீட் பம்ப், எஃப்.ஐ. பம்ப் என்று பின்னால் போவேன். அளந்து முடிக்கும் வரை லைனில் காற்று ஊத மாட்டேன். ஊதியே ஆக வேண்டுமென்றால் டீசல் ஓடும் திசையில், அதுவும் ஹோஸ் சூடாக இருக்கும்போது. ஒரு நாளில் ஒரு பாகத்துக்கு மேல் மாற்ற மாட்டேன். வேக்யூம் கேஜை நிரந்தரமாக மாட்டி வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டேன், உறிஞ்சு பக்கத்தில் ஒவ்வொரு கூடுதல் இணைப்பும் காற்று நுழைய ஒரு வாய்ப்பு. டி இணைப்பும் கேஜும் பிளந்த ஹோஸ் துண்டோடு ஒரே டப்பாவில் இருக்கின்றன.

ரிட்டர்ன் லைனில் இருந்ததும் அதே நாளில், அதே சுருளிலிருந்து வெட்டிய ஹோஸ்தான். போன வாரம் அதையும் கழற்றிப் பிளந்து பார்த்தேன். அங்கே டீசல் உள்ளிருந்து வெளியே அழுத்துவதால் உள்ளடுக்கு சுவரோடு ஒட்டியே இருந்தது, ஆனால் கிளிப்புக்குக் கீழே அதே கீறல் தொடங்கியிருந்தது. அதையும் மாற்றிவிட்டேன்.